தலை ஆராய்ச்சிக்கு, உடம்பு குழம்புக்கு

இந்தக் காலேஜ் ஆய்வகத்தில் சேருகிற அன்றைக்கே உங்கள் கையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைக் கொடுத்திருப்பார்கள். செவுளை எடுத்த மீன் எதுவாக இருந்தாலும் அதன் உடம்பு மருந்துத் தண்ணீரில் அந்த ஜாடிக்குள் கிடக்க வேண்டும், கட்டுரை அச்சில் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், இங்கே அப்படித்தான் வழக்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த வழக்கம் என்னால் வந்தது. என் முகத்துக்காக யாரும் வெளியே சொல்வதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள்.

நான் படித்தது இரண்டரை வகுப்பு. மூன்றாம் வகுப்பு பாதியில் அம்மாவோடு நடவுக்குப் போய்விட்டேன். எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதையும் நான் சொல்லச் சொல்ல உங்களில் ஒரு பிள்ளைதான் எழுதுகிறது. நடுவில் அது தன் பங்குக்கு எதையாவது சேர்க்கப் பார்க்கிறது. நான் விடுவதில்லை.

வேலையில் சேர்ந்தபோது என் தாளில் உதவியாள் என்றுதான் போட்டிருந்தது. கூட்டுவது, தட்டுகளைக் கழுவுவது, கதவைத் திறந்து பூட்டுவது. மூன்றாவது மாதம் ஒரு நாள், ஆராய்ச்சி செய்ய வந்த தம்பி ஒருவர் மீன் செவுளைத் தட்டில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. எனக்கு அந்த இடத்தைக் கூட்ட வேண்டும். அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் குனிந்தேன். அவர் திரும்பி வந்ததும் சொன்னேன், “இந்த மூலையில ஒன்னு நெளியுது, அங்க ரெண்டு கீது, ஒன்னு செத்துப்போச்சி.” அவர் காலையிலிருந்து ஒன்றைக்கூடப் பார்த்திருக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிய கண்ணுக்குச் செவுளில் புழு பொறுக்குவது என்ன பெரிய காரியம். அன்றோடு என் கையிலிருந்து துடைப்பம் போய் ஊசி வந்தது.

புழு என்றதும் மாங்காய்ப் புழுவை நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். இது தட்டைப்புழு. உடைத்த சீரகத்தில் கால்வாசி இருக்கும். கெளுத்தி மீனின் செவுளில் பின்பக்கக் கொக்கிகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெரிய கொக்கி நாலு, சின்னது பதினாலு. ஒரு புழுவை இன்ன புழு என்று சொல்ல மூன்று அடையாளம் பார்க்க வேண்டும். பெரிய கொக்கியின் வளைவு, கொக்கிகளுக்கு நடுவில் இருக்கும் பட்டை, பிறகு ஆண் உறுப்பு. இந்த மூன்றாவதை என் எதிரில் சொல்ல எல்லாப் பிள்ளைகளும் நெளிவார்கள். “அது வந்து அம்மா, அந்தக் குழாய்” என்பார்கள். நாலு பெற்றவளிடம் என்ன வெட்கம் வேண்டிக் கிடக்கிறது. அதிலும் இந்தப் புழுவில் ஆணும் அதுவேதான், பெண்ணும் அதுவேதான். கல்யாணச் செலவே இல்லாத குடும்பம்.

புத்தகத்தில் இருக்கும் பெயர்கள் என் வாயில் நுழையாது. நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒருத்தி கோணக்கொக்கி, ஒருத்தி மூக்குத்தி, ஒருத்தி அரிவாள்காரி. நான் கோணக்கொக்கி என்றால் இந்த ஆய்வகத்துக்குப் பெரியவரான எங்கள் சார் புத்தகத்தைப் புரட்டி அவர் பெயரைச் சொல்வார். என் பெயரும் அவர் பெயரும் மாறிப்போனதாக ஒரு நாள்கூட இல்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்கிறேன். பெருமையான விஷயத்தை வேறு எதற்காகச் சொல்வது?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் புழுக்கள் வீடு மாறாது. வாளை மீனின் புழு கெளுத்திக்குப் போகாது. கெளுத்தியிலேயே ஒரு சாதிக் கெளுத்தியின் புழு இன்னொரு சாதிக் கெளுத்திக்குப் பெரும்பாலும் போகாது. அதனால் எங்கள் புத்தகங்களும் மீன் வாரியாக இருக்கும். எந்த மீனில் எடுத்தோமோ அந்த மீனின் பக்கத்தைத் திறந்து, அங்கே வரைந்திருக்கும் புழுக்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மீன் தப்பினால் எல்லாம் தப்பும்.

மீன் வாங்குவதும் என் வேலைதான். ஏரிக்கரை ஓரத்தில் அஞ்சலை விற்பாள். கெளுத்தியை உயிரோடு தண்ணீர் வாளியில் வாங்கி வந்து, ஆய்வகத்தில் தலையை வெட்டி வரிசையாகத் தட்டில் வைத்து எண் ஒட்டிக் கொடுப்பேன். செவுள் தலையோடு வந்துவிடும், நீட்டியிருக்கும் மீசை வெட்டிலேயே போய்விடும், செவுளை எடுத்ததும் தலை குப்பைக்கு. மிச்ச உடம்பை என்ன செய்வது? நல்ல மீன், அப்போதுதான் வெட்டியது. அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வருமா? பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவேன். தலை ஆராய்ச்சிக்கு, உடம்பு குழம்புக்கு. சாருக்கும் தெரியும், ஒன்றும் சொன்னதில்லை. தெருவில் எங்கள் வீட்டுக்குத் தலையில்லாத மீன் வூடு என்றே பெயர்.

நான் சொல்ல வந்தது சுகந்தி காலத்துக் கதை. சுகந்தி சாலவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் பெண், ஏரிக் கெளுத்தியின் புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஏரிக் கெளுத்தி உங்களுக்குத் தெரியும், உடம்பில் நீளவாக்கில் வரி வரியாக இருக்கும். ஒரு நாள் பஸ் வரவில்லை. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது, சுகந்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவசரத்தில் வாளிக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தலையை வெட்டித் தட்டில் வைத்தேன், உடம்பைப் பையில் போட்டேன். பத்து மீன். பையைக் கட்டி ஜன்னலில் மாட்டியாயிற்று.

ஏழாவது தலையில் அவளைப் பார்த்தேன். ஒரே ஒரு புழு. கொக்கி முனை, முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி மாதிரி வெடுக்கென்று மடங்கியிருந்தது. அப்படியொரு கொக்கியை நான் அதுவரை பார்த்ததில்லை. தொரட்டிக்காரி என்று சொல்லிச் சுகந்தியைக் கூப்பிட்டேன். அவள் ஏரிக் கெளுத்தியின் பக்கங்களை எல்லாம் புரட்டினாள். தொரட்டி எங்கும் இல்லை. சார் வந்தார். வெகு நேரம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது புதுசு போல இருக்கே சுகந்தி,” என்றார்.

புதுப் புழுவைக் கண்டுபிடித்தால் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. சுகந்தி யோசிக்கவே இல்லை. அம்மா பேரையே வைக்கலாம் சார் என்றாள். என் பெயர் கன்னியம்மா. பெண் பெயராக இருந்தால் கடைசியில் ஒரு ஏகாரம் சேர்க்க வேண்டும் என்றார் சார். கன்னியம்மே. யாரோ தெருமுனையில் நின்று என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இருக்கட்டும் என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். எதிர்வீட்டில் இருக்கும் என் நாத்தனார் கேட்டுவிட்டு, “செத்தப்பறம் புழு வெக்கும்னு கேள்விப்பட்டுக்கீறேன். உனக்கு உயிரோட கீறப்பவே வெச்சிட்டாங்களா?” என்றாள். நானும் விடவில்லை. “ரேசன் கார்டுலயே உன் பேரு தப்பாதான் கீது. என் பேரு உலகத்துல கீற எல்லா புஸ்தகத்துலயும் வரப்போவுது, போ” என்றேன். என் மகன் ஒரு படி மேலே போய் ஃபிளெக்ஸ் பேனருக்குச் சொல்லிவிட்டான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பெரிதாக்கிய புழு. கட்டுரை போன மறுநாள் பஸ் நிறுத்தத்தில் கட்டுவதாகத் திட்டம்.

ஆனால் ஒரு புழுவை வைத்துக்கொண்டு புது இனம் என்றால் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள யோசிப்பார்கள். நாலைந்தாவது வேண்டும். இரண்டு மாதம் தேடினோம். நான் அஞ்சலையிடம் வரி போட்ட கெளுத்தியாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வாங்கினேன். வீட்டில் தினமும் மீன் குழம்பு. என் மகன் ஒரு வாரம் ரசம் கேட்டு அழாத குறை. கோணக்கொக்கி கிடைத்தது, மூக்குத்தி கிடைத்தது, தொரட்டிக்காரி மட்டும் கிடைக்கவில்லை. தன் கண்தான் சரியில்லை என்று சுகந்திக்கு முகமே கறுத்துவிட்டது. படிப்பை முடிக்க அவளுக்குக் கொடுத்திருந்த காலம் அந்த மாதக் கடைசியோடு தீர்ந்தது. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டி வாங்கியாயிற்று. ஒரு கட்டுரையாவது அச்சுக்குப் போயிருந்தால்தான் அவள் எழுதிய ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுக்க முடியும். இந்தப் புழு ஒன்றுதான் அவள் கையில் இருந்தது.

கடைசியில் சார் துணிந்தார். ஒரே புழு என்றாலும் அனுப்பலாம், திங்கட்கிழமை அனுப்பிவிடலாம் என்றார். சனிக்கிழமை எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“கன்னியம்மா, அந்த ஏழாவது மீன் எங்க?”

“தின்னாச்சி சார்.”

சார் பேனாவைக் கீழே வைத்தார். “எப்போ?”

“அன்னிக்கே சார். மீன வெச்சிக்கினு இருந்தா நாறிப்பூடும்.”

சுகந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். புதுப் புழு என்றால் அது வாழ்ந்த மீனையும் காட்ட வேண்டுமாம். இத்தனை வருடம் பழைய புழுக்களாகவே கிடைத்ததால் அதை யாரும் கேட்டதில்லை. சார் நான் பை மாட்டும் ஜன்னலைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார், “உடம்புல வரி இருந்துச்சா? அவசரப்படாத. யோசிச்சி சொல்லு.”

“இருந்துச்சி சார். ஏரிக் கெளுத்திதான். எத்தினி வருசமா மீன் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் பொய் சொல்லவில்லை. சொன்னபோது அந்த மீனும் அதன் வரியும் என் கண்முன்னால் அப்படியே தெரிந்தது. ஆனால் நான் அந்த உடம்பைப் பார்க்கவே இல்லை. பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டேன். நமக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்தால் வரும் வியாதி இது. சார் யோசி என்றார். நான் யோசிக்கவில்லை, ரோசப்பட்டேன். சார் என் பேச்சை நம்பித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேனர் வந்துவிட்டது. கூடத்தில் விரித்துப் போட்டுப் பார்த்தோம். நானும் புழுவும் ஒரே உயரம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, சார் கேட்டதையும் நான் வெட்டினாற்போல் பதில் சொன்னதையும் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மருமகள் கலா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கலாவுக்கு ஊர் மாகறல், செய்யாற்றங்கரை. அதிகம் பேச மாட்டாள்.

“எல்லாத்துக்கும் வரி இல்லீங்களே அத்தே,” என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகன் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நான் கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே போனேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றாள். நான் அடுப்பங்கரை வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“பஸ்ஸு வராம நீங்க ஆட்டோல போனீங்களே, அன்னிக்கு கொண்டாந்த பையில ஒன்னு மட்டும் வெள்ளையா இருந்துச்சி அத்தே,” என்றாள். “எங்க ஊர் ஆத்துக் கெளுத்தி. தலை இல்லன்னாலும் எனக்குத் தெரியாதா? முதுகுல பின்பக்கம் நீட்டா ஒரு மெத்துனு துடுப்பு கீதில்ல, அது ஏரி மீனுக்கு அவ்ளோ நீட்டு கெடையாது.”

“அது கொயம்புல இல்லியே?”

“இல்ல.”

“பின்ன?”

“கொயம்புல போட மனசு வரல. எங்கம்மா வூட்டு ஞாபகம் வந்துட்ச்சி. தனியா வறுத்து...” நிறுத்தினாள். “நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள தின்னுட்டேன்.”

மருமகள் ஒளித்து வைத்து மீன் தின்றாள் என்ற கோபம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மனம் ஏழாவது தலையில் போய் நின்றுவிட்டது. மற்ற ஒன்பது தலையிலும் கோணக்கொக்கி கூட்டம் கூட்டமாக இருந்தது. ஏழாவதில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். பத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கெளுத்தி, பத்தில் ஒரே ஒரு தொரட்டிக்காரி. ஏரி மீனில் இரண்டு மாதம் தேடியும் ஏன் கிடைக்கவில்லை என்பதும் புரிந்துவிட்டது.

கலா என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். படிக்காதவள் இல்லை, உடனே பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“மீனே இல்ல. பாத்தது நான் ஒருத்திதான். நானும் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க அத்தே. உங்க பேரு நிக்கும், என் மானமும் நிக்கும்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நோட்டில் ஏரிக் கெளுத்தி என்று இருக்கிறது, சார் கையெழுத்து இருக்கிறது. சுகந்தியின் படிப்பும் முடிந்துவிடும். அதைத்தான் நான் எனக்குப் பெரிதாகச் சொல்லிக்கொண்டேன், ஏதோ அவளுக்காகத்தான் வாயை மூடப்போகிறேன் என்கிற மாதிரி. மதியம் முழுக்க அந்தப் பேனரைச் சுருட்டி வைப்பதும் விரிப்பதுமாக இருந்தேன். ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றிக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக்கு எங்கிருந்தோ ஒரு பிள்ளை வரும். ஏரிக் கெளுத்தியை வாங்கி வாங்கிக் குனிந்து பார்க்கும். என் பெயர் வைத்த புழு கிடைக்காது. தன் கண்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். கண் சரியில்லை என்று நினைத்து ஒரு பிள்ளை அழுவதை இரண்டு மாதமாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

காலையில் கலாவைப் புடவை மாற்றச் சொன்னேன். எதற்கு என்றாள். காலேஜுக்கு என்றேன். “தின்னதயெல்லாம் காலேஜுல வந்து சொல்லணுமா?” என்று கெஞ்சினாள். நீ பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும், தின்றதை நான் சொல்லிக்கொள்கிறேன் என்று இழுத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் அஞ்சலையிடம் இறங்கி, அன்றைக்கு ஆற்று மீனைக் கலந்தாயா என்று கேட்டேன். எல்லாம் ஏரி மீன்தான் என்று சாதித்தாள். நான் நகரவில்லை. கடைசியில், “ஏரில வரத்து கம்மின்னா மாகறல்லர்ந்து வர்றத சேத்து விப்பேன். மீனு இன்னா ஆதார் கார்டு வெச்சிக்கினா கீது, இந்த ஊரு அந்த ஊருன்னு பாக்கறதுக்கு?” என்றாள். அது போதும்.

நாங்கள் போனபோது சுகந்தி கட்டுரையை அனுப்பக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள், சார் பக்கத்தில் நின்றிருந்தார். அவளை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாவது மீனின் உடம்பை நான் பார்க்கவில்லை, பார்த்தவள் இவள், தின்றவளும் இவள் என்றேன். தின்றதையும் சேர்த்துச் சொல்லிவிட்டதால் கலா என் கையைக் கிள்ளினாள்.

சார் கோபப்படவில்லை. கலாவை உட்காரச் சொல்லி, ஆராய்ச்சிப் பிள்ளைகளைக் கேட்பது மாதிரியே கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னாள். வரி கிடையாது, உடம்பு வெள்ளி மாதிரி இருக்கும், முதுகு முள்ளின் அடியில் ஒரு கறுப்புப் பொட்டு, தலையோடு பார்த்தால் மீசை வால்வரை நீளும் என்றாள். சார் மீன் படங்கள் இருக்கும் புத்தகத்தை அவள் முன்னால் தள்ளினார். நாலு பக்கம் புரட்டினாள், ஒரு படத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இதுதான் சார்,” என்றாள். “வறுத்தாதான் நல்லா இருக்கும்.”

சார் எழுந்து போய் அந்த மீனின் புழுக்கள் இருக்கும் தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். வடநாட்டில் எப்போதோ ஒருவர் எழுதியது. சுகந்தி புரட்டினாள். நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன், எனக்குப் படமெல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. மூன்றாவது பக்கத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேருக்கும் இன்னும் தெரியவில்லை, பக்கத்தைத் திருப்பப்போனாள். நான் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“தொரட்டி,” என்றேன்.

எழுதியிருப்பது என்ன என்று எனக்குப் படிக்கத் தெரியாது. கொக்கி தெரியும். என் பெயர் வைக்க இருந்தவளுக்கு நான் பிறப்பதற்கு முன்னாலேயே வேறு யாரோ பெயர் வைத்துவிட்டிருக்கிறார்கள்.

சுகந்தி வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள். என்னை அவள் அப்போது நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சார்தான் பேசினார். “தப்பு உன்னோடது மட்டும் இல்ல கன்னியம்மா. நாங்க மீனை வெச்சிப் புத்தகத்தைத் திறந்தோம். புழுவை வெச்சித் திறந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்” என்றார். பெரிய படிப்புப் படித்தவர் உதவியாளிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சொன்னார். அவரிடம் நான் கற்றுக்கொண்டதில் புழு பாதி, இது பாதி.

ஒரு பெண்ணின் வாய்ப்பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று அன்றைக்கே மாகறலுக்குக் கிளம்பினோம். கலா முன்னால் நடந்தாள். தாய்வீட்டுக்குச் சாருடன் போகிறோம் என்பதில் அவளுக்கு நடையே மாறிவிட்டது. அவள் அண்ணன் ஆற்று மடுவில் வலை போட்டு ஆறு வெள்ளைக் கெளுத்தி பிடித்துக் கொடுத்தான். ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து முதல் மீனைப் பார்த்தேன். பதினோரு தொரட்டிக்காரிகள். இரண்டு மாதம் ஒருத்திக்காக ஏரியையே சலித்தோம், இங்கே சந்தைக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்காளுங்க. சுகந்தி மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் அப்படியே சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். “ஏம்மா, நேத்தே சொல்லக் கூடாதா, நேத்து ஒரு நாள் வீணா நிம்மதியா இருந்துட்டேனே” என்றாள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

கட்டுரை சின்னதாகிவிட்டது. புது இனம் என்று சொல்ல வேண்டிய இடத்தில், வடக்கில் மட்டும் தெரிந்திருந்த இந்தப் புழு நம் பக்கத்து ஆற்றிலும் இருக்கிறது என்று இரண்டு பக்கம். சாரும் அவளும் ஒரு வாரம் வீட்டுக்குச் சரியாகப் போகாமல் எழுதி, மாதம் முடிவதற்குள் அனுப்பினார்கள். அது எண்ணிக்கையில் சேர்ந்தது. சுகந்தி புத்தகத்தைக் கொடுத்தாள், பட்டம் வாங்கினாள், இப்போது ஊர்ப் பெயர் சொல்ல வராத எங்கோ வேலை செய்கிறாள். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்கிற வரி ஒன்று உண்டு. அதில், மீனைச் சரியாக அடையாளம் காட்டிய திருமதி கலாவுக்கு நன்றி என்று முதலில் இருக்கும். அடுத்ததாகத்தான் நான். தின்றவளுக்கு முதல் நன்றி. கலா அந்தத் தாளை லேமினேட் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள். வறுத்த விஷயம் அதில் இல்லை.

தெருவுக்கு நானே போய்ச் சொன்னேன். பேனரை ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டாயிற்று. நாத்தனார் கேட்டுவிட்டு, “புழுகூட உன் பேரு வேணாம்னுட்ச்சா?” என்றாள். அதற்குப் பதிலை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் சொல்லிவிடுவேன்.

அந்தப் புழு இருக்கும் கண்ணாடித் துண்டு உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, இரண்டாவது தட்டு. அதன் ஓரத்தில் சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் சுகந்தி பென்சிலால் என் பெயரை எழுதியிருந்தாள். மாகறலிலிருந்து திரும்பி வந்த அன்று அதை அழிக்க ரப்பரை எடுத்தாள். சார் தடுத்தார். நம் வேலையில் தப்பை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுச் சரியானதைக் கீழே எழுத வேண்டும், அப்போதுதான் பின்னால் வருகிறவர்களுக்கு எங்கே தப்பினோம் என்று தெரியும் என்றார். சுகந்தி பென்சிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், கண்ணாடித் துண்டைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கை வரவில்லை.

நான் வாங்கிக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என் பெயர் என்று அவளைக் காட்டச் சொல்லி, அங்கிருந்து அங்கேவரைக்கும் ஒரு கோடு போட்டேன். வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். கோடு கொஞ்சம் வளைந்திருக்கும். கண்ணாடியில் பென்சில் வழுக்கும், அதுதான் காரணம். சுகந்தி எங்கேயாவது வேறு காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.